முக்கால் அளவு வீடு

பதினோராம் நம்பர் பஸ் ஓட்டும் டிரைவரம்மா, மணிக்கூண்டுக்குப் பின்னால் கட்டிய அடுக்குமாடியில் குடியேறிய இரண்டு வருடத்தில் மூன்று அங்குலம் உயரம் குறைந்தார். அவருடைய வீட்டுக்காரர் அதே இரண்டு வருடத்தில் ஏழு அங்குலம் குறைந்தார். ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் தின்றுவிட்டு இரண்டு பேர் எப்படி இரண்டு விதமாகக் குறைவார்கள் என்று சிலர் கேட்டார்கள். கேட்கிறவர்களுக்கு யோசிக்கச் சோம்பல், அவ்வளவுதான். டிரைவரம்மா பாதிப் பொழுது பஸ்ஸில் இருப்பவர். வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். அந்தக் கடையை மத்தியானம் மூன்று மணி நேரம் பூட்டிப் போடுவார்கள். அந்த மூன்று மணி நேரமும் அவர் வீட்டுக்கு வந்து சோபாவில் கிடப்பார். யார் அந்த வீட்டில் அதிக நேரம் இருந்தார்களோ அவர்கள் அதிகம் குறைந்தார்கள். இதில் மர்மம் ஒன்றும் கிடையாது.

அந்தக் கட்டடம் வந்த விதம் இது. முன்னால் அங்கே ஒரு பழைய தானியக் கிடங்கு நின்றது. ஊர் பழைய ஊர் என்பதால் பழங்கட்டடங்களைக் கவனித்துக்கொள்ள ஓர் ஆபீஸ் உண்டு. அந்த ஆபீஸுக்குத் தெரிந்தது இரண்டே சட்டம். தெருவைப் பார்த்த முகப்புச் சுவரில் ஒரு செங்கல்கூட நகரக் கூடாது; எந்தக் கட்டடமும் மணிக்கூண்டின் கடிகாரத்துக்கு மேலே தலையைத் தூக்கக் கூடாது. சுவருக்குப் பின்னால் யார் என்ன செய்தாலும் அவர்களுக்குக் கவலை இல்லை. முகத்தைக் கழுவிப் பவுடர் போட்டுவிட்டால் குளித்த கணக்கு என்று நினைக்கிறவர்கள். கட்டடத்தை எடுத்த பில்டர் இதை நன்றாகப் புரிந்துகொண்டார். முகப்பை மட்டும் முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, பின்னால் இருந்ததையெல்லாம் மூன்றே வாரத்தில் இடித்து அள்ளினார். ஐந்து மாடி நிற்கும் உயரத்தில் ஆறு மாடியை நிறுத்தினார். ஒவ்வொரு மாடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்து ஒரு மாடியைத் தேற்றிக்கொண்டார். இதனால் வெளியே இருந்த பழைய சன்னல்களும் உள்ளே போட்ட புதுத் தளங்களும் மாமியார் மருமகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்றன. கிடங்கின் பெரிய வளைவுச் சன்னல் ஒன்று, கீழ்ப்பாதி மூன்றாம் மாடிக்கும் மேல்பாதி நாலாம் மாடிக்குமாகப் பாகம் பிரிந்தது. நாலாம் மாடிக்காரர்கள் தரையில் குப்புறப் படுத்தால்தான் தெருவைப் பார்க்க முடியும். பாரம்பரியத்தின் மடியில் வாழுங்கள் என்று விளம்பரம் போட்டார்கள். மடியில் என்று போட்டதில் மட்டும் பொய் இல்லை.

விற்பதற்கு மாதிரி வீடு ஒன்று வேண்டுமே. மூன்றாம் மாடியில் ஒரு வீட்டை எடுத்து, குடுமி வைத்த டிசைனர் ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். அவர் கறுப்பைத் தவிர வேறு நிறத்தில் துணி போட்டு யாரும் பார்த்ததில்லை. எதிரில் வந்தால் யார் வீட்டுத் துக்கம் என்று கேட்கத் தோன்றும். அவர் வந்த முதல் நாளே, பூசிய சுவரைச் சுரண்டிச் செங்கல் தெரியும்படி செய்யச் சொன்னார். சுரண்டிப் பார்த்தால் உள்ளே இருந்தது சிமெண்ட் கல். அதனால் மறுபடியும் பூசி, பூச்சின்மேல் செங்கல் போலத் தெரிகிற டைல்ஸை ஒட்டினார்கள். சன்னல் பக்கத்துச் சுவரில் இருநூறு வருடத்து நிஜச் செங்கல் சும்மா நின்றுகொண்டிருந்தது. அது ஒழுங்காக இல்லை என்று சொல்லி அதன்மேல் வெள்ளைப் பலகை அடித்து மூடினார்கள்.

மரவேலைக்கு வந்தவர் டிரைவரம்மாவின் அண்ணன். நல்ல தச்சர், சந்தேகமே வேண்டாம். டிசைனர் கொடுத்த படத்தை விரித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"சார், கட்டிலு நாலே முக்கா அடின்னு போட்டிருக்கு. குழந்தைக்கா?"

"படுக்கறதுக்கு இல்ல மாஸ்டர், பாக்கறதுக்கு. கட்டில் சின்னதா இருந்தா ரூம் பெருசாத் தெரியும். எல்லாமே முக்கால் அளவுதான். யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"அப்ப ஆளு எங்க சார் படுக்கறது?"

"ஆளு எதுக்கு? மாதிரி வீட்ல யாராவது குடியிருப்பாங்களா?"

நியாயமான பேச்சு என்று தச்சரும் வேலையை ஆரம்பித்தார். அவர் அரைகுறையாகச் செய்திருந்தால் பின்னால் ஒரு வினையும் வந்திருக்காது. செய்வன திருந்தச் செய் என்று யாரோ சொல்லி வைத்ததை நம்பிக் கெட்ட மனுஷன். கட்டில், மேசை, நாற்காலி, சோபா, அலமாரி எல்லாவற்றையும் முக்காலாகச் செய்ததோடு நிறுத்தாமல், கதவு, தாழ்ப்பாள், கைப்பிடி, துண்டு தொங்கவிடும் கம்பி, கரண்டி மாட்டும் ஆணி வரைக்கும் அதே கணக்கில் இறக்கினார். எதையும் தனியாகப் பார்த்தால் குறை தெரியாது. பக்கத்தில் வைத்து ஒப்பிட முழு அளவுச் சாமான் ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை. ஊரில் எல்லாரும் திருடனாக இருந்தால் யாரைத் திருடன் என்பது?

டிரைவரம்மாவும் வீட்டுக்காரரும் வீடு தேடுவது தெரிந்து அவர்களைக் கூட்டி வந்தவரும் தச்சர்தான். மாதிரி வீட்டைக் காட்டிவிட்டு ஐந்தாம் மாடியில் வெறும் வீடு ஒன்றைப் பேசி முடிக்கலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் வீட்டுக்காரர் உள்ளே நுழைந்து சோபாவில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தார். போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு பில்டரிடம், "இதே மாதிரி எனக்கு வேணாம் சார், இதையே குடுங்க. ஒரு ஆணிகூட மாத்தக் கூடாது" என்றார். மாதிரி வீட்டையே ஒருவர் சாமான் சட்டியோடு கேட்டது பில்டரின் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அவருக்குப் புரையேறியது. வாசலில் நின்ற தச்சர் வாயைத் திறந்தார். பில்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"மாப்ள, அஞ்சாவது மாடின்னா காத்து நல்லா வரும்…" என்று தச்சர் இழுத்தார்.

"மச்சான், உங்க கைவேலை மேல எனக்கு இருக்கிற மதிப்பு உங்களுக்கே இல்லையே! எனக்கு இதுதான்."

இதற்கு மேல் ஒரு தொழிலாளி என்ன சொல்வான்? டிரைவரம்மா மட்டும் கதவு நிலையைக் கையால் தடவிப் பார்த்து, "ஏங்க, இது கொஞ்சம் தாழ்வா இல்ல?" என்றார். "நாள் பூரா பஸ்ஸுக்குள்ளயே இருக்கற, உனக்கு எந்த வீட்டப் பாத்தாலும் அப்படித்தான்" என்று வீட்டுக்காரர் பேச்சை முடித்தார்.

குடிபோன புதிதில் இரண்டு பேர் நெற்றியும் வீங்கிக் கிடந்தது. கதவில் இடித்தார்கள், அலமாரியில் இடித்தார்கள், மேசைக்கு அடியில் முட்டியை இடித்தார்கள். கீழ்மாடிக்காரர்கள் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கிப் போனார்கள். ஐந்தாவது மாதம் இடிப்பது நின்றது. பழகிவிட்டது என்று வீட்டுக்காரர் சொன்னார். பழகியது வீடு இல்லை, உடம்பு. டிரைவரம்மாவின் யூனிபார்ம் பேன்ட் தரையில் புரள ஆரம்பித்தது. தையற்கடைக்காரர் மடித்துத் தைத்தார்; நாலு மாதம் கழித்து மறுபடியும் மடித்தார். கண்ணாடிக் கடையில் வீட்டுக்காரர் கவுண்டருக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டியைப் போட்டு ஏறி நின்றுகொண்டார். கண்ணாடி மாட்டிப் பார்க்க வருகிறவர்கள் தாமாகவே குனிந்து முகத்தைக் கொடுத்தார்கள். முதலாளி கவனிக்கவே இல்லை. கண்ணாடிக் கடை முதலாளிக்குக் கண் சரியாகத் தெரிய வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

வீட்டுக்காரருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் வாங்கின வீடு வருடத்துக்கு வருடம் சின்னதாகிக்கொண்டு போகும். அவருடைய வீடு மட்டும் பெரிதாகிக்கொண்டு போனது. காலையில் வெளியே நடக்கப் போவதை நிறுத்திவிட்டு ஹாலிலேயே நடந்தார். ஹாலிலிருந்து அடுப்படிக்குப் போவதற்குள் கால் வலிக்கிறது என்று கடையில் பெருமை பேசினார்.

டிரைவரம்மாவால் அப்படிச் சிரித்துக்கொண்டு இருக்க முடியவில்லை. பஸ் டிப்போவின் சுவரில் ஐந்தடி உயரத்தில் ஓர் இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். டிரைவர்கள் வருடத்துக்கு ஒருமுறை அதன் கீழே நிற்க வேண்டும். தலை கம்பியைத் தொட்டால் வண்டி. தொடாவிட்டால் டிக்கெட் கவுண்டர். அந்தக் கவுண்டர் கழிப்பறைக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு கூண்டு. குடிபோன இரண்டாம் வருடம் டிரைவரம்மா கம்பியின் கீழ் நின்றபோது டிப்போ மேனேஜர் கொண்டையை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்த பிறகு கம்பிக்கும் தலைக்கும் நடுவே ஒரு காகிதம் போகுமா போகாதா என்று இருந்தது. "இந்தத் தடவை விடறேன்மா. அடுத்த வருஷமும் இப்படி வந்து நின்னீங்கன்னா கவுண்டர்தான்" என்றார் மேனேஜர். பழைய ஊரின் கோட்டை வாசல் வழியாகப் போவது பதினோராம் நம்பர் பஸ் ஒன்றுதான். வாசல் தேர் போன காலத்தில் கட்டியது. பஸ் நுழைந்தால் இந்தப் பக்கம் நாலு விரல், அந்தப் பக்கம் நாலு விரல் மிச்சம் இருக்கும். அந்த பஸ்ஸை ஓட்டும் மற்ற டிரைவர்கள் அங்கே வண்டியை நிறுத்தி, பக்கக் கண்ணாடிகளை மடக்கி, கண்டக்டரை இறக்கி விசில் ஊதச் சொல்லி, சாமியைக் கும்பிட்டு நுழைவார்கள். டிரைவரம்மா பத்தொன்பது வருடமாகக் கண்ணாடியை மடக்காமல், கண்டக்டரோடு பேசிய பேச்சையும் நிறுத்தாமல், ஒரே ஓட்டாக ஓட்டிக்கொண்டு போனவர். வேலை பிடித்திருக்கிறது என்று அவர் ஒருநாளும் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு நாள் லீவு போட்டால் மூன்றாம் நாள் முகத்தில் அது தெரியும்.

கம்பியின் கீழிருந்து அவர் நேராக அண்ணனின் பட்டறைக்குப் போனார். "அண்ணே, எங்க வீட்டு நாக்காலி எவ்வளவு உயரம்?" என்று கேட்டார். தச்சர் இழைப்புளியைக் கீழே வைத்தார்.

"முக்கால்."

"நாக்காலி மட்டுமா?"

"கரண்டி மாட்டற ஆணி வரைக்கும். மாதிரி வீடுன்னு செஞ்சதும்மா. மாப்ள அதையே வாங்குவாருன்னு நான் கனவா கண்டேன்?"

"மரத்தை அறுக்கறவன்னுதான் நினைச்சேன். கூடப்பொறந்தவளையும் சேத்து அறுத்திருக்க" என்றார் டிரைவரம்மா. அதற்குப் பிறகு அவர் அண்ணனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தச்சர் அன்று சாப்பிட்டிருப்பார்.

வீட்டுக்காரரிடம் சாமானை மாற்றச் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நாற்காலியை மாற்றினால்கூட வீட்டின் அழகு கெட்டுவிடும் என்று டிசைனர் சொல்லியிருந்ததைச் சொன்னார். "வீடு கெடக் கூடாது, நான் கெட்டாப் பரவால்லயா?" என்று டிரைவரம்மா கேட்டார். "நீ எங்க கெட்ட? அளவா அழகாத்தான் இருக்க" என்றார் இவர். பொம்பளையிடம் இப்படிப் பேசினால் பொழைக்கலாம் என்று இவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ. அன்றிலிருந்து டிரைவரம்மா வீட்டில் உட்காருவதை விட்டார். நின்றபடி சாப்பிட்டார், ஷிப்ட் இல்லாத நேரத்தில் டிப்போவில் சும்மா நிற்கிற பஸ்ஸில் போய் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்குத் தூங்க மட்டும் வந்தார், தரையில் பாய் போட்டு. அப்படியும் குறைவது நிற்கவில்லை, மெதுவாயிற்று, அவ்வளவுதான். வீட்டுக்காரரின் ஹால் இன்னும் பெரிதாகிக்கொண்டு போனது. ஒருநாள் மத்தியானம் அவர் தும்மினார். எதிர்ச்சுவரிலிருந்து தும்மல் திரும்பி வந்தது. அவ்வளவு பெரிய ஹாலில் வேறு ஓர் ஆளும் இல்லை. அவருக்கு அது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது.

அன்று கடைக்குத் திரும்பாமல் அவர் பதினோராம் நம்பர் பஸ்ஸில் ஏறினார். கல்யாணமான புதிதில் ஏறியது, அப்புறம் ஏறியதில்லை. கண்டக்டர் அடையாளம் தெரியாமல் அரை டிக்கெட் கிழித்தார். டிரைவரம்மா சீட்டின் நுனியில் உட்கார்ந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை. பிரேக் பெடலில் மரத்துண்டு ஒன்றை வைத்துக் கம்பியால் கட்டியிருந்தார். கண்ணாடியில் பின்னால் பார்க்க ஒவ்வொரு தடவையும் எம்பினார். கோட்டை வாசல் வந்தது. பஸ் நின்றது. கண்ணாடிகளை மடக்கினார்கள். கண்டக்டர் இறங்கி விசில் ஊதினார்.

"இந்தம்மா இங்க நிறுத்தவே மாட்டாங்களே, என்னாச்சு?" என்று ஒரு கூடைக்காரி கேட்டாள்.

"வயசாகுதுல்ல, பயம் வந்திருக்கும்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

டிரைவரம்மாவுக்கு அது கேட்டது. அவர் திரும்பவில்லை, காது மட்டும் சிவந்தது. வீட்டுக்காரர் அந்தக் காதையே பார்த்துக்கொண்டு வாசலின் அந்தப் பக்கம் வரைக்கும் வந்தார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வந்த வழியே நடந்து, தச்சரின் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தார். "மச்சான், எல்லாத்தையும் முழுசாச் செஞ்சு குடுங்க" என்றார்.

தச்சர் வந்து வீட்டை அளந்தார். ஹாலை அளந்தார், அறையை அளந்தார், கூரை உயரத்தை அளந்தார். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தார். பில்டர் ஆறாவது மாடிக்காகக் கிள்ளிய கிள்ளு எல்லாம் நாடாவில் தெரிந்தது. சாமான்தான் முக்கால் என்றில்லை, வீடே முழு வீடு இல்லை.

"மாப்ள, உள்ளதச் சொல்றேன். முழு அளவுல ரெண்டு பேருக்கு இங்க இடமில்ல. கட்டில முழுசாப் போட்டா ரூம் கதவு சாத்தாது. மேசைய முழுசாப் போட்டா அடுப்படிக்குப் போக வழி இல்ல. ஒரு ஆளு முழுசா இருக்கலாம். இன்னொரு ஆளு முக்காலாத்தான் இருக்கணும்."

வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிற நேரம்தான் யோசித்தார்.

"அப்ப நான் இருந்துக்கறேன்" என்றார். "எனக்கு மரப்பெட்டி இருக்கு. பஸ்ஸுக்குப் பெட்டி வைக்க முடியாது."

தச்சர் மரம் எடுக்கப் போனார். டிரைவரம்மா ஒரு வாரம், புதுக் கட்டில் வரும்வரை, பாயிலேயே படுத்தார். எட்டாம் நாள் அவர் பாயைச் சுருட்டி மூலையில் வைத்தார்.

அந்த வீட்டுக்கு இப்போது போனாலும் பார்க்கலாம். கட்டிலின் வலது பக்கம் ஆறேகால் அடி, இடது பக்கம் நாலே முக்கால். சோபா ஒரு முனையில் உயரமாகத் தொடங்கி மறு முனையில் படியிறங்குகிறது. சாப்பாட்டு மேசைக்கு இரண்டு தளம். குழம்பை மேலிருந்து கீழே ஊற்றிக்கொள்வது சுலபம், கீழிருந்து மேலே கேட்டு வாங்க வேண்டும். கதவு நிலையை மட்டும் கூரை வரைக்கும் வெட்டி உயர்த்தினார்கள். பத்திரிகைக்குப் படம் எடுப்பதற்காக ஒருநாள் வந்த டிசைனர் இதைப் பார்த்துவிட்டுத் தன் குடுமியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துக் குடுமியை விட்டுவிட்டுக் காமிராவை எடுத்தார். இரு அளவு வாழ்க்கை என்று பேர் வைத்து, தானே யோசித்த மாதிரி அதை நாலு பக்கத்துக்குப் போடவைத்தார். ஊரில் வசதியானவர்கள் தச்சரைத் தேடி வந்தார்கள். பெரிய பக்கம் யாருக்கு என்று கேட்டால் புருஷனும் பெண்டாட்டியும் பதில் சொல்ல ஒரு மாதம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு குடும்பம் அந்தக் கேள்வியிலேயே பிரிந்துபோனது.

டிரைவரம்மாவுக்குப் போன உயரம் முழுதும் திரும்பவில்லை. எட்டு மாதத்தில் இரண்டு அங்குலம் வந்தது. டிப்போவில் கம்பியின் கீழே போய் நின்றார். கம்பி நெற்றியில் இடித்தது.

"கொண்டைய அவுக்கணுமா சார்?"

"தாயே, நீங்க குனிஞ்சு வெளிய வாங்க, போதும்" என்றார் மேனேஜர்.

வீட்டுக்காரர் நாலடி ஒன்றரை அங்குலம் வரைக்கும் குறைந்து, அங்கே நின்றார். அவருடைய முழு உயரத்துக்கு முக்கால் அவ்வளவுதான். கடையில் மரப்பெட்டிக்குப் பதிலாக மேடை கட்டினார்கள். பழங்கட்டட ஆபீஸிலிருந்து இரண்டு பேர் ஒருமுறை வந்து, தெருவில் நின்றபடி முகப்பை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மாற்றம் எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

கடை லீவு விடுகிற நாளில் வீட்டுக்காரர் பதினோராம் நம்பரில் ஏறி, டிரைவருக்கு நேர் பின்னால் இருக்கிற சீட்டில் உட்காருகிறார். முழு டிக்கெட்தான் வாங்குகிறார். அதில் மட்டும் கறார். கோட்டை வாசல் வரும்போது யாரும் கண்ணாடியை மடக்குவதில்லை, கண்டக்டர் இறங்குவதில்லை. டிரைவரம்மா ஏதோ பேசிக்கொண்டே உள்ளே விட்டு அந்தப் பக்கம் எடுக்கிறார். பின்சீட்டில் வீட்டுக்காரரின் கால் இரண்டும் தரையில் படாமல் ஆடிக்கொண்டிருக்கும். படவேண்டிய அவசியமும் இல்லை. ஓட்டுகிறது அவர் இல்லையே.